அழகான கொப்பியும் வாசிக்கத் தெரியாத பிள்ளையும்: தரம் 7 மாணவன் ஒருவன் பற்றிய நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணம், வலிகாமத்தில் உள்ள ஒரு கலவன் பாடசாலையில் நான் தமிழ் கற்பிக்கும் தரம் 7 வகுப்பில் 2025 ஆம் ஆண்டு இருந்த ஒரு மாணவனைப் பற்றியது இந்த ஆய்வு. அவனுடைய தமிழ்க் கொப்பி வகுப்பிலேயே மிகத் துப்புரவானது. ஓரக்கோடு நேராக அடிக்கப்பட்டிருக்கும். திகதி வலது மூலையில் இருக்கும். தலைப்பின் கீழ் நிறப் பென்சிலால் இரட்டைக் கோடு இழுக்கப்பட்டிருக்கும். எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டாமலும் கோட்டை விட்டு விலகாமலும் நிற்கும். அந்தக் கொப்பியில் அவனே எழுதிய பந்திகளில் ஒன்றைக்கூட அவனால் வாசிக்க முடியவில்லை.

தரம் 1 இல் 2019 ஆம் ஆண்டு சேர்ந்து, வரவு இடாப்பில் குறை சொல்ல இடமில்லாதபடி பாடசாலைக்கு வந்து, குழப்படி எதுவும் செய்யாமல் வகுப்பேறி வந்த பிள்ளை அவன். வாசிப்புக் கைகூடாமலே ஒரு பிள்ளை இடைநிலை வகுப்பு வரை வந்து சேர்வது எமது பாடசாலைகளில் நடக்காத ஒன்றல்ல. இங்கே நான் எழுதிவைக்க விரும்புவது, அந்தக் குறையை இவ்வளவு காலமும் மறைத்து வைத்தது எது என்பதையும், அதை விலக்கிய பின்னர் என்ன நடந்தது என்பதையும்தான். பிள்ளையின் பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன். தாயாரின் சம்மதத்துடனேயே எழுதுகிறேன்.

கண்டறிந்த விதம்

முதலாந் தவணையில் விண்ணப்பக் கடிதம் எழுதும் பாடம் நடந்தது. ஒழுங்கையில் மின்விளக்கு இல்லாததைத் தெரிவித்துப் பிரதேச சபைச் செயலாளருக்கு எழுதும் மாதிரிக் கடிதத்தைக் கரும்பலகையில் எழுதியிருந்தேன். அதற்கு முந்திய பாடவேளை கணிதம். பலகையின் நடுவே ‘பின்னம்’ என்ற தலைப்பு அரைகுறையாக அழிபட்டு, முதலெழுத்தின் விசிறியும் (இகரக் குறி) அடுத்த எழுத்துகளின் கீழ்ப்பாதியும் மங்கலாக மிஞ்சியிருந்தன. பிள்ளைகள் அதை ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. கொப்பிகளைத் திருத்தும்போது இந்த மாணவனின் கடிதத்தில் ‘எமது ஒழுங்கையில்’ என்பதற்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் அந்த அழிபட்ட துண்டுகளும் இருந்தன. விசிறி எந்த இடத்தில் அறுந்திருந்ததோ அந்த இடத்திலேயே அவனுடைய கோடும் அறுந்திருந்தது. வாசித்துக்கொண்டு எழுதும் எவருடைய கையும் அந்தத் துண்டுகளைக் கடிதத்தின் நடுவே சேர்த்திருக்காது. அவன் பலகையைப் பார்த்து எழுதவில்லை, வரைந்திருக்கிறான் என்பது அப்போதே தெளிவாயிற்று.

மறுநாள் இடைவேளையில் அவனைத் தனியாக இருத்திக் கடிதத்தை வாசிக்கச் சொன்னேன். விளிப்பும் முதல் வசனமும் தடங்கலின்றி வந்தன; வகுப்பில் நான் உரத்து வாசித்ததை அவனுடைய காது அப்படியே பிடித்து வைத்திருந்தது. நடுவில் ஒரு வரியில் விரலை வைத்து, “இதிலிருந்து வாசியும் தம்பி” என்றதும், “தொண்டை நோகுது ரீச்சர்” என்றான். முன்னைய ஆண்டுகளில் அவனைக் கற்பித்தவர்களிடம் பின்னர் விசாரித்தபோது, வாசிப்பு முறை வரும் நாட்களில் தொண்டை நோவும் கண் நோவும் அவனுக்கு வழக்கமாக வருபவை என்று அவர்களும் நினைவுகூர்ந்தார்கள். கண்ணில் குறையில்லை. தரம் 7 பிள்ளைகளுக்கு நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் அவனுடைய பார்வை சரியாகவே இருந்தது.

எழுத்து அட்டைகளைக் கொண்டு அவனுக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்துப் பார்த்தேன். உயிரெழுத்துப் பன்னிரண்டையும் மெய்யெழுத்துப் பதினெட்டையும் வரிசையாக, பாட்டாக, ஒரே மூச்சில் சொன்னான். அட்டைகளைக் கலைத்து வைத்ததும் தடுமாறினான். ஒரு மெய்யைக் கண்டுபிடிக்க முதலில் இருந்து முணுமுணுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. அகர வரிசையில் பெரும்பாலானவை தெரிந்தன. அரவு (‘கா’ இல் வரும் கால்) சேர்ந்தால் நெடிலாகும் என்பது தெரிந்திருந்தது. கொம்பு வந்த இடத்தில் எல்லாம் நின்றுவிட்டது. ‘கெ’ என்பதை இரண்டு தனித்தனி எழுத்துகளாகவே கண்டான். கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்க, அதன் ஒலி மெய்க்குப் பின்னே வருகிறது என்பதை அவனுக்கு எவரும் விளங்கப்படுத்தியதாகத் தெரியவில்லை. ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் ஒரே ஒலியின் குறி மெய்யின் இரு பக்கமும் பிரிந்து நிற்பது அவனை முற்றாகக் குழப்பியது. தமிழ் வாசிக்கத் தொடங்கும் எல்லாப் பிள்ளைகளும் இந்த இடத்தில் சிறிது காலம் தடுமாறுகிறார்கள். இவன் அங்கேயே ஆண்டுக்கணக்காக நின்றிருக்கிறான்.

பின்னணி

தரம் 2 இல் உயிர்மெய் வரிசைகள் பிள்ளையின் கைக்குள் வர வேண்டிய காலம். அவன் தரம் 2 இல் இருந்தபோதுதான், 2020 மார்ச் மாதத்தில், நாட்டின் பாடசாலைகள் பெருந்தொற்றினால் மூடப்பட்டன. இடையிடையே திறந்தாலும் 2021 இன் பெரும்பகுதியும் மூடியே கழிந்தது. தரம் 4 இல் ஓரளவு ஒழுங்கு திரும்பும் வேளையில் 2022 இன் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, ஆசிரியர்கள் பாடசாலைக்கு வந்து சேர்வதே பெரும் பாடாகிப் பல நாட்கள் மீண்டும் மூட நேர்ந்தது. அந்தக் காலத்தில் பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. வீட்டில் இருந்த ஒரேயொரு கைத்தொலைபேசி தகப்பனுடன் மேசன் வேலைக்குப் போய்விடும். அது இரவில் திரும்பி வரும்போது பிள்ளை தூங்கியிருப்பான். தொலைபேசி வீட்டில் நிற்கும் வேளைகளில், அனுப்பப்பட்ட படத்தைத் தாய் திறந்து கொடுக்க, அதிலுள்ளதைப் பார்த்துக் கொப்பியில் எழுதி, எழுதியதைப் படமெடுத்துத் திருப்பி அனுப்புவதே படிப்பாக இருந்தது. பார்த்தெழுதுவதில் அவனுடைய கை தேர்ந்தது அப்போதுதான்.

தாயாரோடு பேசியபோது இன்னொன்றும் தெரியவந்தது. 1995 ஒக்ரோபர் 30 இல் போரினால் யாழ்ப்பாணமே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது அவரும் தரம் 2 இல் படித்த சிறுமி. அதன் பிறகு அவர் எந்தப் பாடசாலையிலும் நிலையாக இருக்கவில்லை. மகனின் முன்னேற்ற அறிக்கையில் கையொப்பம் இடுகிறார். அதில் வகுப்பாசிரியர் எழுதியிருக்கும் குறிப்பை வாசிக்க அண்டை வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறார். அதை அவர் வெட்கத்தோடு சொல்லவில்லை, ஊரில் தன் வயதொத்த பலருக்கும் அப்படித்தான் என்ற தொனியில் சொன்னார். வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாதான் மனம் நொந்தார். “அவன் நல்லா எழுதுவான் பிள்ளை, கொப்பியை எடுத்துப் பாருங்கோ” என்று என்னிடமே கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினார்.

கொப்பி மறைத்தது

அம்மம்மா மட்டுமா கொப்பியைப் பார்த்தார்? பாடசாலையில் நாம் எல்லோருமே கொப்பியைத்தான் பார்க்கிறோம். வகுப்பாசிரியர் கொப்பியைப் பார்க்கிறார். பகுதித் தலைவர் கொப்பி ஒழுங்காகத் திருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார். மேற்பார்வைக்கு வருவோரும் கொப்பிகளைக் கேட்டு வாங்கிப் புரட்டுகிறார்கள். பிள்ளை அதை விளங்கி எழுதினானா, வரைந்து வைத்தானா என்று கேட்க அந்த ஒழுங்கில் எங்குமே இடமில்லை. ஒரேயொரு பாடவேளையில் ஒரு பெரிய வகுப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்க வைப்பது கடினம் என்பதும் உண்மை. அதனால் எழுதப்பட்ட பக்கம் கற்ற பாடமாகக் கணக்கில் வைக்கப்படுகிறது. இந்த மாணவனின் கொப்பிகளில் தரம் 3 முதல் ‘நன்று’, ‘மிக நன்று’, ‘அழகான எழுத்து’ என்ற குறிப்புகளே நிறைந்திருந்தன. அவன் ஏமாற்றவில்லை. எதற்குப் பாராட்டுக் கிடைத்ததோ அதை மேலும் மேலும் திருத்தமாகச் செய்தான்.

பரீட்சைகளிலும் வழி இருந்தது. பல்தேர்வு வினாக்களில் இலக்கத்தின் கீழ்க் கோடிட்டால் சில தற்செயலாகச் சரிவரும். சொற்களைத் தொடர்புபடுத்தும் வினாக்களில் ஒத்த வடிவமுள்ள எழுத்துகளைத் தேடி இணைத்திருக்கிறான். கட்டுரைக்கு, வினாத்தாளில் உள்ள வசனங்களையே வரிசை மாற்றி அழகாக எழுதி வைத்திருக்கிறான். அதற்கும் ஓரிரு புள்ளிகள் கிடைத்திருந்தன. எல்லாம் சேர்ந்து தமிழில் இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் புள்ளிகள் வந்தன. அந்தப் புள்ளியுடைய பிள்ளையை ‘மெல்லக் கற்கும் மாணவன்’ என்ற பட்டியலில் சேர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். புள்ளி குறைந்ததற்காக எவரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பது இப்போது அரிது. அது நல்லதே. ஆனால் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகும்போது அவனுக்கு இன்னும் கைகூடாதது எது என்ற தகவல் கூடவே போவதில்லை.

கணித ஆசிரியரிடம் அவனுடைய விடைத்தாளை வாங்கிப் பார்த்தது மிகவும் பயன்பட்டது. இலக்கத்தில் கொடுக்கப்பட்ட கணக்குகள் பெரும்பாலும் சரி. வசனத்தில் கொடுக்கப்பட்ட கணக்குகள் அனைத்தும் வெறுமையாக விடப்பட்டிருந்தன. கணித ஆசிரியர் இதைச் சோம்பல் என்றே எண்ணியிருந்தார். இரண்டு பாடத் தாள்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எவருக்கும் விளங்கக்கூடிய ஒன்று, பாடத்துக்குப் பாடம் வேறு வேறு ஆசிரியர் வரும் இடைநிலை வகுப்பில் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. ஒழுங்கை முகப்பில் பஸ் ஏறும்போதும் அவன் பலகையைப் படிப்பதில்லை. பருத்தித்துறைக்கு 750 என்று இலக்கத்தைப் பார்த்தே ஏறுகிறான். இலக்கங்கள் அவனுக்கு நண்பர்கள்.

அவனுக்குப் பிறவியிலேயே வாசிப்பு இடர்ப்பாடு ஏதேனும் இருக்கிறதா என்பதை ஒரு வகுப்பறை ஆசிரியை தீர்மானிக்க முடியாது. தாயாரிடம் அந்தச் சாத்தியத்தைச் சொல்லி, மருத்துவ மாது மூலம் சிறுவர் மருத்துவரைக் காண ஒழுங்கு செய்தோம். அதன் முடிவுக்காகக் காத்திருந்து காலத்தைக் கடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. கொம்பைப் பற்றி ஒருபோதும் கற்பிக்கப்படாத பிள்ளைக்கு முதலில் கொம்பைக் கற்பித்துப் பார்க்க வேண்டும்.

செய்த வேலை

முதலில் பலகையைப் பார்த்து எழுதுவதை நிறுத்தினேன். மற்றப் பிள்ளைகள் எழுதும் நேரத்தில் அவன் எழுதத் தேவையில்லை என்று சொன்னபோது அவன் முகம் வாடியது. கையில் இருந்த ஒரேயொரு திறமையைப் பறித்துக்கொண்டது போலத்தான் அது அவனுக்கு இருந்திருக்கும். அந்த நேரத்துக்கு அட்டைகளைக் கொடுத்தேன். பிஸ்கட் பெட்டி மட்டையில் வெட்டிய அட்டைகள். மெய் ஒரு நிறத்திலும் கொம்பும் அரவும் இன்னொரு நிறத்திலும் எழுதப்பட்டவை. கொம்பு அட்டையை மெய்யின் முன்னே வைத்து, விரலால் மெய்யை முதலில் தொட்டு, பிறகு பின்னோக்கி வந்து கொம்பைத் தொட்டு ஒலிக்கச் செய்தோம். கண் இடமிருந்து வலம் போக, நாக்கு வேறு ஒழுங்கில் போக வேண்டியிருக்கிறது என்பதை அவனுடைய விரல் கற்றுக்கொண்ட பிறகே கண் ஏற்றுக்கொண்டது. தனியாகக் கற்பிக்க என் ஓய்வுப் பாடவேளைகளே கிடைத்தன. அவற்றிலும் பல, வராத ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டன.

அடுத்த சிக்கல் வாசிக்கக் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்பது. தரம் 7 பாடநூல் அவனுக்கு எட்டாது. தரம் 1, 2 புத்தகங்களைக் கையில் கொடுத்தால் சக மாணவர் முன் அவன் தலை நிமிர முடியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மானம் சின்ன விடயமல்ல. இதற்கு இரண்டு வழிகள் கிடைத்தன.

ஒன்று, அவனுடைய தங்கை. அவள் தரம் 2 இல் படிக்கிறாள். அவளுக்குப் படிப்பித்துக் கொடுப்பது அவன் பொறுப்பு என்று அம்மம்மாவிடம் சொல்லி வைத்ததால், மாலையில் அந்தப் புத்தகம் வீட்டுத் திண்ணையில் எந்தக் கூச்சமும் இல்லாமல் விரிந்தது. தங்கை அவனைவிட நன்றாக வாசிக்கிறாள் என்பதை இருவருமே விரைவில் அறிந்துகொண்டார்கள். அதனால் எந்தச் சண்டையும் வரவில்லை என்று அம்மம்மா சொன்னார்.

மற்றது அவனுடைய சொந்த வசனங்கள். சனி, ஞாயிறுகளில் அவன் பெரியப்பாவின் வெங்காயத் தோட்டத்தில் இறைப்புக்குப் போகிறான். அதைப் பற்றிச் சொல்லச் சொல்லி, அவன் சொல்வதை அவன் வாயிலிருந்து வந்தபடியே எழுதினேன்: “விடியக் காலமை பெரியப்பா மெசின் ஸ்ராட் பண்ணுவார். நான் தண்ணி மாறுவன். ஒரு பாத்தி நிரம்பினாப் பிறகுதான் மற்றப் பாத்திக்கு வெட்டி விடோணும். கெதியா வெட்டினா வரம்பு உடைஞ்சிடும்.” வகுப்பில் ஒரு வார்த்தை பேசுவதற்குத் தயங்குகிறவன் தண்ணீர் மாறும் வேலையைப் பற்றி நிறுத்தாமல் சொன்னான். எழுதியதைத் திருப்பிக் கொடுத்தபோது, என்ன வரப்போகிறது என்று தெரிந்ததால் எழுத்தை நம்பிக்கையோடு துழாவினான். ‘பெரியப்பா’ என்ற சொல்லில் இருந்த கொம்பைத் தானே விரலால் காட்டினான்.

பேச்சுத் தமிழை எழுதிக் கொடுப்பதைப் பாடசாலையில் சிலர் விரும்பவில்லை. பிழையான தமிழைப் பழக்குகிறீர்கள் என்று மூத்த ஆசிரியர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். எழுத்துத் தமிழைக் காக்கும் பொறுப்பு எங்களுக்கு உண்டு. ஆனால் வாசிப்பு என்பது எழுத்திலிருந்து ஒலிக்கும், ஒலியிலிருந்து பொருளுக்கும் போவது. ‘மாறுவேன்’ என்று எழுதியிருந்தால் அவன் நினைவில் இருந்த ‘மாறுவன்’ என்பதையே சொல்லியிருப்பான். எழுத்தைப் பார்க்க அவனுக்குக் காரணம் இருந்திராது. தண்ணீர் மாறும் பந்தியை அவன் தடங்கலின்றி வாசித்த பிறகு, அதே பந்தியை எழுத்து வழக்கில் எழுதி இரண்டையும் அருகருகே வைத்தேன். எங்கே வேறுபடுகிறது என்று தேடுவதை அவன் ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டான். ‘நிரம்பினாப் பிறகுதான்’ என்பது ‘நிரம்பிய பின்னரே’ என்று மாறியிருப்பதைக் கண்டு, “இது ரேடியோவில சொல்லுற மாதிரி ரீச்சர்” என்றான். மிகச் சரியான அவதானிப்பு.

இரண்டாந் தவணையின் பிற்பகுதியில் கொப்பி மாறத் தொடங்கியது. பார்த்தெழுதாமல், நினைத்ததை எழுதச் சொன்னதால் எழுத்துகள் கோணலாகின. வெட்டுகளும் மேலெழுத்துகளும் வந்தன. ஓரக்கோடு சில பக்கங்களில் இல்லாமலே போயிற்று. ‘மழை’ என்பதை ‘மளை’ என்றும், ‘கிணற்றடி’ என்பதை ‘கிணத்தடி’ என்றும் எழுதினான். என் கணிப்பில் ஆண்டு முழுவதிலும் நடந்த மிகப் பெரிய முன்னேற்றம் இந்த இரு பிழைகள்தாம். யாழ்ப்பாணப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ‘கிணற்றடி’ போன்ற சொல்லில் ‘ற்ற’ பேச்சில் தகரம்போலவே காதில் விழுகிறது. தான் கேட்டதை எழுத்தாக்கினான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. வரைகிற கை இப்படிப் பிழை விடாது. ர, ற பேதமும் ந, ன, ண பேதமும் பிறகு வரட்டும் என்று சிவப்புப் பேனையை அந்தக் கொப்பியில் அடக்கியே வைத்தேன்.

கொப்பியைப் பார்த்தவர்களுக்கு இது எதுவும் தெரியவில்லை. நல்லாயிருந்த பிள்ளையின் எழுத்து இந்த வருடம் கெட்டுப்போனது என்று பகுதித் தலைவரிடமிருந்து குறிப்பு வந்தது. அம்மம்மா ஒருநாள் பாடசாலைக்கே வந்தார். “முந்தி எவ்வளவு வடிவா எழுதினவன், இப்ப பாருங்கோ கோழி கிளறினமாதிரி” என்றார். அவரை இருத்தி, அவனைக் கூப்பிட்டு, முன்னைய ஆண்டின் அழகான பக்கம் ஒன்றையும் இந்த ஆண்டின் கோணல் பக்கம் ஒன்றையும் வாசிக்கச் சொன்னேன். முதலாவதில் தட்டித் தடவி இரண்டு வரி போனான். இரண்டாவதை முழுதாக வாசித்தான். அம்மம்மா கொஞ்ச நேரம் இரண்டு கொப்பிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்ப இவ்வளவு நாளும் என்னத்தை எழுதினவன்?” என்று கேட்டார்.

ஆண்டிறுதியில்

மூன்றாந் தவணை முடிவில் அவனால் தரம் 3 அளவிலான பந்தியை மெதுவாக, விரலை வைத்து, பொருள் விளங்கி வாசிக்க முடிகிறது. கொம்பு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது; ‘ஐ’, ‘ஔ’ வரிசைகளில் இன்னும் தயக்கம் உண்டு. புணர்ந்து நீளும் சொற்கள் அவனைத் தடுத்து நிறுத்துகின்றன. குளங்களையும் வாய்க்கால்களையும் பற்றிய வரலாற்றுப் பகுதியை ஆசையோடு எடுத்தான். ‘நீர்ப்பாசனத் தொழினுட்பம்’ என்ற சொற்களில் களைத்துப்போனான். அவற்றைப் பென்சிலால் சிறு கோடிட்டுப் பிரித்துக் கொடுத்தால் போகிறான்.

தவணைப் பரீட்சைப் புள்ளிகளில் இது அதிகம் தெரியவில்லை. தமிழில் சில புள்ளிகளே கூடின. விடைத்தாளில் முன்பு இருந்த அழகான, பொருளற்ற கட்டுரைக்குப் பதிலாக இம்முறை ஐந்து வரியில் சொந்தக் கட்டுரை ஒன்று இருந்தது. எழுத்துப் பிழைகளுக்குக் குறைத்தபின் அது முன்னையதைப் போன்ற புள்ளியையே பெற்றது. எமது புள்ளித்திட்டத்தைப் பற்றி யோசிக்க அது ஒன்றே போதும். கணிதத்தில் வசனக் கணக்குகள் சிலவற்றைத் தொட்டிருந்தான். வினாவை எவரேனும் ஒரு தரம் வாசித்துக் காட்டினால் அவற்றில் பெரும்பாலானவற்றை அவனால் செய்ய முடிகிறது என்று கணித ஆசிரியரும் இப்போது உடன்படுகிறார். சிறுவர் மருத்துவரின் பரிசோதனை அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டுள்ளது.

அடுத்த ஆண்டு தரம் 8 இல் அவனுக்குத் தமிழ் கற்பிக்கப்போவது நானல்ல. அதனால் முன்னேற்ற அறிக்கையோடு ஒரு தனித்தாளைத் தரம் 8 தமிழ் ஆசிரியருக்கும் கணித, வரலாற்று ஆசிரியர்களுக்கும் கொடுத்திருக்கிறேன். அதில் அவனுக்குத் தெரிந்த எழுத்துகளும் தெரியாதவையும், நீண்ட சொற்களைப் பிரித்துக் கொடுக்கும் முறையும், வினாவை முதலில் வாசித்துக் காட்டும்படியான வேண்டுகோளும் உள்ளன. பலகையைப் பார்த்தெழுதும் வேலையை அவனுக்குக் குறைத்துக் கொடுக்கும்படியும், கொப்பி அழுக்காக இருப்பதைக் கண்டு அதைத் திருப்பி எழுதச் சொல்ல வேண்டாம் என்றும் தாளின் அடியில் எழுதியிருக்கிறேன். தரம் 8 ஆசிரியர் தாளை வாங்கி வாசித்துவிட்டு, தன் வகுப்புக்கு வரப்போகும் மற்றப் பிள்ளைகளையும் தனித்தனியாக வாசிக்க வைத்துப் பார்க்க அட்டைகளை இரவலாகக் கேட்டார். கொடுத்திருக்கிறேன்.